பூட் பகுதியில் இடமில்லை

டோங்காட். இரவு ஒன்று ஐம்பது.
கரும்புக்கு அந்தப் பக்கம் கடல்
எதையோ அரைத்துக்கொண்டே இருக்கிறது.
குஞ்சுப் பண்ணையின் பின்னறையில்
கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து,
கடைசி வரி:
ரூட்டை ஏற்ற முடியவில்லை. கர்னல் பீதி.

பீதி என்று யார் பெயர் வைத்தார்களோ.
பீதி பிடித்த எதுவும்
இவ்வளவு அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை.
கீபோர்டில் ஒரு விளக்கு மட்டும்
சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

வேரைக் காணோம் என்று
இந்த ஊர்த் தமிழச்சி ஒருத்தியிடம் சொன்னால்
அவள் உடனே கவிதை எழுதியாக வேண்டும்:
கப்பல், எண், குமாஸ்தா பிழையாய் எழுதிய பெயர்.
அதை என் நாத்தனார் சரோஜ்னி எழுதுகிறாள்.
நன்றாகவே எழுதுகிறாள்.
எனக்கு இப்போது
அடைகாக்கும் பெட்டிகளில் பதினோராயிரம் முட்டை.

மணிக்கொரு தரம் தட்டுகளைச் சாய்க்கச் சொல்வது
இந்த இயந்திரம்தான்.
சொல்ல ஆளில்லாததால்
ஹ்லெங்கிவே நெம்புகோலைப் பிடித்து
ஒவ்வொரு பெட்டியாய்ச் சாய்த்துக்கொண்டு போகிறாள்.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
அதுதான் தாங்கவில்லை.

தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும்.
பத்து மணிக்கு மின்வெட்டு முடிந்ததும்
புதிய கர்னலை இறக்கினேன்.
நூற்றுக்கணக்கில் வரிகள் ஓடின.
நடுவில் ஒன்று, "இடமில்லை" என்றது.
பார்த்தேன்.
பார்த்தேன் என்பதைத்தான் பார்க்கவில்லை.
ரஸ்க்கைத் தேநீரில் தோய்த்தபடி
மறுதொடக்கம் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வருடம் முன்பு
பூட் மெனுவை மறைத்து வைத்ததும் நானே.
காத்திருப்பு: பூஜ்யம்.
ஐந்து நொடி மிச்சம் பிடித்த பெருமை
அன்று பகல் முழுக்க இருந்தது.
இப்போது அந்த மெனு வர
சரியான கணத்தில் விசையை அழுத்த வேண்டும்.
முதல் தடவை முந்திவிட்டேன்.
இரண்டாவது, பிந்திவிட்டேன்.
மூன்றாவது தடவை விசையைத் தட்டிக்கொண்டே இருந்தேன்,
பூட்டிய வீட்டுக் கதவைத்
தட்டுகிறவள் மாதிரி,
வெட்கமில்லாமல்.

திறந்தது.
மேலே புதியவன், அரைகுறையாய் எழுதப்பட்டவன்.
கீழே போன ஜூனில் வந்தவன்.
அவனைத் தொட்டேன்.
ஒரு குறையும் சொல்லாமல் எழுந்தான்.

பூட் பகுதி: நூற்றுக்கு நூறு நிரம்பியிருக்கிறது.
உள்ளே ஒன்பது பழைய கர்னல்கள்.
ஒவ்வொன்றையும் "இருக்கட்டும், ஆபத்துக்கு உதவும்" என்று
விட்டு வைத்தது நான்தான்.
ஆபத்தைக் கொண்டுவந்தது அவைதான்.
ஆனால் காப்பாற்றியதும் அவற்றில் ஒன்று,
ஆகவே இதில் ஒரு நீதியும் இல்லை.
எட்டை அழித்தேன்.
ஜூன்காரனை மட்டும் விட்டேன்.
தொடக்கப் படத்தை மறுபடி கட்டச் சொன்னேன்.
இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும்
உதடு அசைத்துப் படித்தேன்,
மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல.
மெனுவுக்கு ஐந்து நொடி திருப்பிக் கொடுத்தேன்.

மறுதொடக்கம்.
ஐந்து,
நான்கு,
மூன்று,
இரண்டு.
ஹ்லெங்கிவே வாசலில் நிற்கிறாள்,
ஒரு கையால் மறு தோளை அழுத்தியபடி.
ஒன்று.

எழுத்துகள் இறங்குகின்றன.
பெட்டிகள் ஒன்றொன்றாய்ப் பேர் சொல்லி வருகின்றன.
மூன்று இருபத்தாறுக்கு
முதல் தட்டு தானாகச் சாய்ந்தபோது
"ம்" என்றாள், அவ்வளவுதான்.

பதிவேட்டில் மட்டும் ஒரு வெற்றிடம்,
ஒன்று நாற்பதிலிருந்து.
காலையில் படையாச்சி கேட்பார்.
என்ன எழுதுவது என்று உட்கார்ந்திருந்தேன்.

அவள் முட்டை அட்டையின் ஒரு கிழிசலை நீட்டினாள்.
நீலப் பேனா, சாய்ந்த எழுத்து.
இரண்டு மணி. முப்பத்தேழு புள்ளி ஆறு.
இரண்டரை. முப்பத்தேழு புள்ளி ஐந்து.
மூன்று. முப்பத்தேழு புள்ளி ஆறு.
கடைசியில் ஒரு வரியை அடித்துத்
திருத்தியிருந்தாள்.

ஒன்று விடாமல் தட்டச்சு செய்தேன்,
அந்தத் திருத்தத்தையும் சேர்த்து.